தீயணைப்பு பம்பும் நூற்று அறுபத்திரண்டு ஜப்பானியப் பாட்டுகளும்

எனக்குப் பட்டியல் போடும் நோய் உண்டு. ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு ஒரு பட்டியல், ஃப்ரிட்ஜில் இருப்பது எது எப்போது கெடும் என்று ஒரு பட்டியல், எந்தப் பட்டியலை எங்கே வைத்தேன் என்று இன்னொரு பட்டியல். இந்த நோய்க்குச் சம்பளம் கொடுக்கிற வேலையும் உலகத்தில் இருக்கிறது. அதற்கு டாக்குமென்ட் கன்ட்ரோலர் என்று பெயர். கட்டுமான கம்பெனியில் வருகிற போகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் எண் கொடுத்து, எத்தனையாவது திருத்தம், யார் சரிபார்த்தார், கன்சல்டன்ட் என்ன சொன்னார் என்று பதிவேட்டில் ஏற்றும் ஆள். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்த என்னை தோஹா தொழில்பேட்டையில் ஒரு குடோன் கட்டும் சைட்டில், போர்ட்டா கேபினில் உட்கார்த்தியது இந்த வேலை. ஆறு மாத புரொபேஷன். ஐந்தாவது மாதத்தில்தான் நான் இந்தக் கதையின் கோமாளி ஆனேன்.

கதைக்குக் காரணம் ஒரு ஜப்பானிய ராக் பாடகர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். (சொன்னால் தேடிக் கேட்பீர்கள். கேட்டுவிட்டு என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவீர்கள்.) எனக்கு ஜப்பான் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் அவர் இதுவரை பதிவு செய்த அத்தனையும் எனக்குத் தெரியும். பதினொரு ஆல்பம், முப்பத்து நான்கு சிங்கிள், ஆறு கச்சேரிப் பதிவு, சிங்கிளின் பின்பக்கத்தில் மட்டும் வந்து வேறெங்கும் வராத பாட்டுகள். மொத்தம் நூற்று அறுபத்திரண்டு. ஒரே பாட்டை அவர் மூன்று வெவ்வேறு வயதில் மூன்று முறை பாடியிருக்கிறார். அவற்றைத் திருத்தம் 0, திருத்தம் 1, திருத்தம் 2 என்று நான் குறித்திருந்தேன். வேறு எப்படிக் குறிப்பது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்தப் பட்டியலைக் கம்பெனியின் பதிவேட்டுப் படிவத்திலேயே செய்திருந்தேன். எண், தலைப்பு, திருத்தம், தேதி, நிலை, குறிப்பு. ஒவ்வொரு வரியையும் அழுத்தினால் அந்தப் பாட்டு திறக்கும். தோஹாவில் நஜ்மா பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் கணினி வாப்பாவின் கடைக் கணக்கைத் திறக்கவே மூச்சு வாங்கும் என்பதால், இதை ஆபீஸ் சர்வரில் வைத்தேன். யாரும் திறக்காத இடம் எது என்று முறைப்படி ஆராய்ந்தேன். தீயணைப்பு பம்ப் ஃபோல்டர். பம்புகள் ஜப்பானிலிருந்து வந்தவை, அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே ஜப்பான் எழுத்தில் இருபது கோப்புகள் கிடந்தன. மரத்தை ஒளிக்கக் காட்டைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி நான். அந்த வரிசையின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணையும் கொடுத்து, என் புத்திசாலித்தனத்தைப் பார்த்து நானே புன்னகைத்துக்கொண்டேன்.

எங்கள் சைட்டில் காகிதங்களைச் சரிபார்ப்பவர் தங்கராசு அண்ணன். காளையார்கோவில் பக்கம். பைப் பிட்டராக வந்து, பதினான்கு வருடத்தில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆனவர். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் கன்சல்டன்டுக்குப் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், குழாய் மூட்டுகளில் எல்போவுக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியாத இந்த என்ஜினியருக்கு, தரையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியவர் அவர்தான். இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஐந்து வயது மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமனுக்குச் சொல்லி, கிடா பிடித்து, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. அவருக்கு வியாழக்கிழமை டிக்கெட். புதன்கிழமை பம்ப் இன்ஸ்பெக்ஷன். இன்ஸ்பெக்ஷன் முடிந்தால்தான் லீவ் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பம்புகளின் ஆவணப் பட்டியலை அதற்கு முந்தைய வாரமே கன்சல்டன்டுக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை மதியம், வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஃபோல்டரைத் திறந்து கடைசியாக இருந்த கோப்பை இணைத்தேன். பட்டியலின் கடைசித் திருத்தம் எப்போதும் கடைசியில்தான் இருக்கும், அது விதி. விதியை மீறிக் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட வேண்டிய மேலுறைத் தாளைத் தங்கராசு அண்ணனிடம் நீட்டினேன்.

"எல்லாம் பாத்துட்டியா ஆத்தா?"

"மூணு தடவை பாத்துட்டேண்ணே."

பார்த்திருந்தேன். இரண்டு நாள் முன்பு, சரியான கோப்பை. அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. 'பி' முத்திரை, அதாவது குறிப்புகளுடன் அங்கீகரிக்கப்பட்டது. எங்கள் தொழிலில் அந்த ஓர் எழுத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன், பதிவேட்டில் ஏற்றினேன், கோப்பை மூடினேன். கன்சல்டன்ட் என்ஜினியர் என்ன குறிப்பு எழுதியிருந்தார் என்று பிற்பாடுதான் படித்தேன். பதினான்காம் வரிசையில், ஒரு கச்சேரிப் பதிவுக்கு நேராக, 'முடிவில் உடைகிறது' என்று நான் எழுதியிருந்தேன். பாடகரின் குரலைப் பற்றி. அதன் கீழே, 'உடைவுக்கான காரணத்தை விளக்கவும், மாற்றிக் கொடுப்பது யார் பொறுப்பு' என்று கேட்டிருந்தார்கள். இன்னோரிடத்தில், எல்லாவற்றுக்கும் மூலப் பிரதி ஒன்று இணைக்கும்படி கோரியிருந்தார்கள். (தர மாட்டேன்.)

புதன்கிழமை காலை பம்ப் ரூமில் ஐந்து பேர் நின்றோம். மேனேஜர், கன்சல்டன்ட் என்ஜினியர், ஓனர் தரப்பில் வந்திருந்த வயதான கத்தாரிக்காரர், தங்கராசு அண்ணன், மடிக்கணினியுடன் நான். சிவப்பு பெயின்ட் அடித்து, துடைத்து, மணப்பெண் மாதிரி நின்றன பம்புகள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது என்று வரும்போது சொல்லியிருந்தார்.

கன்சல்டன்ட் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து, பதினான்காம் ஆவணத்தில் உடைவு பற்றிக் கேட்டிருந்தோமே, அது என்ன ஆயிற்று என்றார். நான் கோப்பைத் திறந்தேன். திரையில் நூற்று அறுபத்திரண்டு வரிகள். மூடும் பொத்தானைத் தேடினேன். அதற்குள் ஓனர் தரப்புப் பெரியவர் நிதானமாகக் குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பதினான்காம் வரியை அழுத்திவிட்டார்.

அந்தப் பதிவின் முதல் நான்கு விநாடி அமைதி. ஐந்தாவது விநாடியில் பாடகர் கத்துவார்.

நாலா பக்கமும் கான்கிரீட், மேலேயும் கான்கிரீட். இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டு அவ்வளவு துல்லியமாக எனக்குக் கேட்டதே இல்லை. கன்சல்டன்ட் பம்பைப் பார்த்தார், சத்தம் அதிலிருந்து வருகிறது என்று நினைத்து. மேனேஜர் என்னைப் பார்த்தார். பெரியவர் மட்டும் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, குரல் உடைகிற இடம்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "இந்த ஆளுக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "கலாஸ்" என்றார். முடிந்தது. காகிதம் சரியில்லை, அடுத்த இன்ஸ்பெக்ஷன் பத்து நாள் கழித்து.

இது வரைக்கும்தான் வேடிக்கை.

கேபினில் மேனேஜர் மேலுறையை மேஜையில் போட்டார். தயாரித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் தங்கராசு அண்ணன் பெயர்.

"யார் செக் பண்ணது?"

பதில் சொல்ல வேண்டியது நான். அது என் சொந்தப் பட்டியல், ஆபீஸ் சர்வரில் ஒளித்து வைத்தது நான், மூன்று தடவை பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியதும் நான். வரிசையாகச் சொல்ல மூன்று வாக்கியம் போதும். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒரு பட்டியல் தயாராக இருந்தும் நான் வாசிக்கவில்லை. புரொபேஷன், விசா, வாப்பாவின் முகம் என்று வேறொரு பட்டியல் குறுக்கே வந்தது.

"நாந்தான் சார்" என்றார் தங்கராசு அண்ணன். "பாக்காமப் போட்டுட்டேன்."

மேனேஜர் சத்தம் போடவில்லை. லீவ் ஃபாரத்தை எடுத்து மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எனக்கு, இனிமேல் கவனமாக இரும்மா என்று ஒரு வாக்கியம். படிக்காமல் முத்திரை குத்திய கன்சல்டன்டை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்தானே மறு இன்ஸ்பெக்ஷனுக்கு நாள் கொடுக்க வேண்டியவர்.

வெளியே வந்து வாட்டர் கூலர் பக்கத்தில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தாளு ஏன் ஆத்தா அப்புடிக் கத்துறான்?"

விளக்கினேன். கேளுங்கள், உண்மையிலேயே விளக்கினேன். அது பழைய குழுவோடு அவர் பாடிய கடைசிக் கச்சேரி, அதற்குப் பிறகுதான் தொண்டையில் அறுவை சிகிச்சை, அதனால் திருத்தம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் குரலே வேறு, என்று. மகளின் காதுகுத்துக்குப் போக முடியாமல் நிற்கிற மனிதருக்கு, ஐந்து நிமிடம். அவர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் "ஓ" என்றார். பிறகு வீட்டுக்குப் போன் செய்ய நிழல் இருக்கிற இடமாகப் பார்த்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் டூட்டியில் இருந்தார். இன்டர்நெட் கேபினில்தான் கொஞ்சம் கிடைக்கும் என்பதால், வீடியோ கால் என் மேஜைக்கு எதிரே நடந்தது. படம் வந்தது, சத்தம் வரவில்லை. மாமன் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை, வாயை முழுதாகத் திறந்து, சத்தமே இல்லாமல் அழுதது. அண்ணன் போனை என் பக்கம் திருப்பினார்.

"பாரு, ஒன் ஆளு மாதிரியே கத்துறா."

சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சிரித்திருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்கு லீவ் கிடைக்க மூன்று மாதம் ஆனது. போனவர் திரும்பி வரவில்லை. அவராக வரவில்லையா, கம்பெனி கூப்பிடவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

வீட்டில் இதை இன்ஸ்பெக்ஷன் அன்று மாலையே சொல்லிவிட்டேன், பெரியவர் தண்ணீர் கொடுக்கச் சொன்ன இடம் வரைக்கும். வாப்பா கடையில் நாலு பேரிடம் சொன்னார். கூடப்பிறந்த என் மூத்தவன், காக்கா, ஷார்ஜாவில் அவன் ரூம் முழுக்கச் சொன்னான். இப்போது எங்கள் வீட்டில் யார் குரலை உயர்த்தினாலும், உம்மா அடுப்படியிலிருந்து, "அந்த ஆளுக்கு யாராச்சும் தண்ணி குடுங்க" என்பார். சண்டை அதோடு சரி. நல்ல வேடிக்கைக் கதை அது. நான்கு வருடத்தில் மெருகேறி, கத்தாரிப் பெரியவருக்கு வாப்பா ஒரு தாடியும் கொடுத்துவிட்டார்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தேநீர் வந்ததும் வாப்பா கதையை ஆரம்பித்தார். பம்ப் ரூம், பாட்டு, தண்ணீர் எல்லாம் சரியான இடத்தில் விழுந்தன. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய உம்மாவுக்குச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்தக் கையெழுத்துப் போட்ட மனுசன் என்ன ஆனாரு?"

எங்கள் வீட்டில் இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. வாப்பாகூட என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊர்ல நல்லா இருக்காரு மாமி" என்றேன்.

அதையும் நான் சரிபார்க்கவில்லை.