நுண்ரசனைக் கழகத் தலைவர் கச்சேரிக்குப் போனார்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம், நான்கால் வகுபடாத தாளத்தைக் கண்டுபிடித்ததுதான். இடையில் சக்கரம், அச்சு இயந்திரம், அம்மை ஊசி என்று சில சில்லறை வேலைகள் நடந்திருக்கலாம். ஆனால் நான்கு நான்காக எண்ணிக் கால் தட்டிக்கொண்டிருந்த மனிதன் என்றைக்கு ஏழு ஏழாக எண்ணத் தொடங்கினானோ, அன்றைக்குத்தான் அவனுடைய வால் முழுதாக உதிர்ந்தது. இது குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவுத் துணை மேலாளரின் திடமான கருத்து. அவருக்கு வேறு கருத்துகளும் இருந்தன. எல்லாமே திடமானவைதான்.

அவர் கேட்பது புரோக்ரெஸிவ் மெட்டல் என்னும் இசை. மின் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து காதைக் கிழிக்கும் இரைச்சலுக்கு நடுவில் ஒரு கணக்கு வாத்தியாரை உட்கார வைத்தால் கிடைப்பது அது. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். போகிற வழியில் தாளம் பல தடவை சட்டை மாற்றிக்கொள்ளும். பாடகர் உலகத்தின் அழிவைப் பற்றிப் பாடுவார், அல்லது தன் அப்பாவைப் பற்றிப் பாடுவார். இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

துணை மேலாளருக்கு உயிரான குழு ஒன்று உண்டு. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அந்தக் குழுவின் முதல் பெருமை என்று அவர் நினைத்தார். ஒரு முறை பேருந்தில் ஒரு கல்லூரிப் பெண் அந்தக் குழுவின் படம் போட்ட பனியனோடு நின்றதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்கச் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தார்.

இப்படிப்பட்டவர் தனியாக ரசித்தால் உலகத்துக்கு என்ன லாபம்? எனவே 'கடின இசை நுண்ரசனைக் கழகம்' பிறந்தது. விடுமுறை நாட்களில் ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், குறுக்காக வெட்டிய கடைவாய்ப்பல்லின் பெரிய படத்துக்குக் கீழே கூடும். தலைவர் நம்மவர். உறுப்பினர்கள் பல் மருத்துவர், ஒரு வங்கிக் காசாளர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருவர். இன்னொருவரும் இருந்தார். குழுவின் மூன்றாவது ஆல்பத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது "ஜாலியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். நீக்கிவிட்டார்கள்.

தலைவரின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பகலெல்லாம் விசில் ஊதிவிட்டு வீட்டுக்கு வந்தால் வானொலியைத் திருகுவார். எது வந்தாலும் கூடவே பாடிக்கொண்டு துணி மடிப்பார். தலைவர் இதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். தன்னுடைய இசையை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பக்கத்து அறையில் கேட்டார். வீட்டில் யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம் என்று சொல்லிக்கொண்டார். புனிதமான ஒன்றைத் துணி மடிக்கிற இடத்தில் திறந்து வைக்கலாமா என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம்.

அந்தக் குழு அவருடைய நகரத்துக்கே வரப்போகிறது என்ற செய்தி வந்தது.

கச்சேரி ஒரு வேலை நாளின் பிற்பகலில். தலைவர் அரை நாள் விடுப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதினார். மற்றவர்களைப் போல 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கொள்கை விடவில்லை. 'முற்போக்கு உலோக இசை நிகழ்வில் பங்கேற்பு' என்று தூய தமிழில் எழுதினார். மேலாளர் அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் நிஜமான கவலை.

"ஏதோ போக்குன்னு எழுதியிருக்கீங்களே, வயித்துக்கு முடியலையா?"

"முற்போக்கு சார்."

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முற்போக்கு என்றால் ஊர்வலமா, வாரியத்துக்கு எதிராகவா, உலோகம் என்றால் ஆயுதம் ஏதாவதா என்று தணிந்த குரலில் விசாரித்தார். தலைவர் தாளத்திலிருந்து தொடங்கி விளக்கினார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், முதலில் தான் படித்ததே இருந்துவிட்டுப் போகட்டும், கோப்பில் அதுதான் பார்க்க நன்றாக இருக்கும் என்று சொல்லி, வயிற்றுக்கோளாறு என்ற தலைப்பில் விடுப்பை அனுமதித்தார்.

கழகத்தின் அவசரக் கூட்டம் கூடியது. கச்சேரியில் எப்படி நிற்பது என்பது பற்றி நெடுநேரம் விவாதம் நடந்தது. ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்கு அருகில், அரங்கின் பின்பகுதியில் நிற்பதே நுண்ரசிகருக்கு அழகு என்று முடிவாயிற்று. கை இரண்டையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். தலையை அசைக்கலாம், சரியான கணக்கில், அளவோடு. குதிப்பது முன்வரிசைக் கும்பலின் பழக்கம். பயிற்சிப் பள்ளிக்காரரும் காசாளரும் மாடத்தில் இருக்கைச் சீட்டு வாங்கியிருந்ததால், அவர்கள் உட்கார்ந்தபடி கை கட்டிக்கொள்ளக் கழகம் சிறப்பு அனுமதி வழங்கியது. தலைவரும் பல் மருத்துவரும் கீழே நிற்பதாக ஏற்பாடு.

பல் மருத்துவர் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. பதினொன்று எண்ணிக்கையில் தலையசைத்துப் பழகுகிறேன் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்ததில், ஒன்பதாவது எண்ணில் கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்துக்குப் பட்டை போட்டுவிட்டார்கள். இனி சில வாரங்களுக்கு நோயாளியின் வாயைப் பார்க்க வேண்டுமானால் நோயாளிதான் எழுந்து நிற்க வேண்டும் என்ற நிலை. கச்சேரிக்கு அவர் வரவில்லை.

ஒரு சீட்டு மிஞ்சியது. யாரை அழைப்பது என்று தலைவர் சாப்பிடும்போது வாய்விட்டு யோசித்தார். தகுதியானவர் யாரும் நினைவுக்கு வரவில்லை.

"நான் வரேன்" என்றார் ஆசிரியை.

தலைவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். அது வானொலியில் வருவது மாதிரி இல்லை, புரியாது, தலை வலிக்கும், நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவளிடம் நிற்பதைப் பற்றியா சொல்கிறீர்கள் என்று கேட்டார் ஆசிரியை. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடந்தது. தாள மாற்றங்கள், குழுவின் வரலாறு, முதல் டிரம்மர் விலகிய துயரம். ஆசிரியை கேட்ட ஒரே சந்தேகம், செருப்பு போட்டுக்கொண்டு வரலாமா, ஷூ வேண்டுமா என்பதுதான்.

அரங்கம் என்பது பெரிய கண்காட்சிக் கூடம். போன வாரம் அங்கே குளியலறைச் சாமான்கள் விற்றிருப்பார்கள் போல. ஒரு மூலையில் நொறுங்கிய ஓடு இன்னும் கிடந்தது. உள்ளே நுழைந்ததும் தலைவர் ஒலி மேசை அருகே போய் நின்று கையைக் கட்டினார். சுற்றிப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் அவர் வயதுக்காரர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள். அத்தனை பேரும் கையைக் கட்டி, தொப்பையின் மேல் வசதியாக இறக்கி வைத்திருந்தார்கள். உலகத்தில் தான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தவருக்கு வரிசையாகக் கண்ணாடி வைத்த மாதிரி இருந்தது. அவர் அதை ரசிக்கவில்லை.

விளக்கு அணைந்தது. முதல் அடி விழுந்தது. தலைவர் பல வருடங்களாகக் காதுக்குள் மட்டும் கேட்ட சத்தம் தரை வழியாகக் காலுக்குள் ஏறியது. நியாயமாக அந்த நேரத்தில் ஒரு மனிதன் அழலாம். தலைவர் மனைவியின் காதருகே குனிந்து, இது இரண்டாவது ஆல்பத்தில் கடைசிப் பாட்டு, ஆனால் சுருதியை அரைக் கட்டை இறக்கியிருக்கிறார்கள், பாடகருக்கு வயதாகிவிட்டது என்று தெரிவித்தார்.

ஆசிரியையின் தோள் தானாக ஆடத் தொடங்கியிருந்தது. தலைவர் அவருடைய தோளைத் தொட்டு நிறுத்தி, "அது ஒண்ணு இல்ல. இப்ப வருது பார், இதுதான் ஒண்ணு" என்று தாளக் கணக்கைத் திருத்தினார். ஆசிரியை திரும்ப ஆடினார். தலைவர் திரும்பத் திருத்தினார். மூன்றாவது பாட்டின் பாதியில் ஆசிரியை தன் கைப்பையைக் கழற்றி, தலைவர் கட்டியிருந்த கைகளுக்கு நடுவே செருகினார்.

"நான் கொஞ்சம் முன்னாடி போறேன்."

போய்விட்டார். விளையாட்டு மைதானத்துக்காரர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவது எப்படி என்று தெரியும். கொஞ்ச நேரத்தில், மேடைக்குப் பக்கத்தில், நீல வெளிச்சத்தில், முடி அவிழ்ந்து ஒரு தலை மேலே எழும்பி எழும்பி இறங்கியது. யாரோ ஒரு பெண் என்று நினைத்துத் தலைவர் அலட்சியமாகப் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது. மனைவியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தான் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். பார்த்த ஞாபகம் இல்லை. அவருடைய வலது கால் தரையை விட்டு லேசாகக் கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர் கவனிக்கிறாரா என்று பார்த்துவிட்டு அதைக் கீழே இறக்கினார்.

விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு தாடிக்காரர் கைகட்டி நின்றார். காதில் பஞ்சு போல ஏதோ அடைத்திருந்தார். தலைவர் அவரிடம் பேசத் தொடங்கினார். காதடைப்பைத் தாண்டிப் போக வேண்டுமே என்று குரலை உயர்த்தினார். தாடிக்காரர் மரியாதைக்குத் தலையாட்டினார். ஊக்கம் பெற்ற தலைவர் இன்னும் உயர்த்தினார்.

அப்போதுதான் அந்த நெடும்பாட்டு தொடங்கியது. தலைவர் உயிரோடு இருப்பதே அதை நேரில் கேட்கத்தான். பாட்டின் உச்சியில், ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை வாத்தியமும் ஒரே வெட்டில் நிற்கும். சிறிது நேரம் எதுவுமே இருக்காது. அந்த வெறுமைக்குள்ளிருந்து பாடகரின் குரல் மட்டும் ஒரு நூல் போலக் கிளம்பும். அந்த இடம் நெருங்க நெருங்கத் தலைவருக்கு மயிர் சிலிர்த்தது. இப்படி ஒரு இடம் வரப்போவது தெரியாமல் ஒரு மனிதன் பக்கத்தில் நிற்கிறானே என்று பரிதாபமாகவும் இருந்தது. அவர் தாடிக்காரரின் காதருகே வாயைக் கொண்டுபோய், முழுத் தொண்டையையும் திறந்தார்.

வாத்தியங்கள் நின்றன.

"இங்கதான் சார், ஈ பறந்தாக்கூடக் கேக்கும்!"

கேட்டது. கூரையில் பட்டு, பின்சுவரில் பட்டு, இன்னொரு தடவையும் கேட்டது. மொத்தக் கூடமும் ஒரு நொடி திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. மொழி தெரியாத பாடகர் மேடையிலிருந்து பின்பக்கம் நோக்கி மெதுவாகக் குனிந்து வணங்கினார். வாழ்நாளில் ஒரு அடி பிசகாதவர் என்று கழகம் கொண்டாடும் டிரம்மர், சிரிப்பில் குச்சியைத் தவறவிட்டார். பாட்டை நடுவிலிருந்து மறுபடி எடுத்தார்கள். நூல் போலக் கிளம்ப வேண்டிய குரல் சிரிப்போடு கிளம்பியது.

தாடிக்காரர் ஒரு காதடைப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரு சார் அது?"

"தெரியல சார்" என்றார் தலைவர். "என்ன ஜனங்களோ."

முன்வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியையும் திரும்பினார். அவ்வளவு தூரத்திலிருந்தும் நேராகத் தலைவரைத்தான் பார்த்தார். பிறகு, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்ததுபோல மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஆசிரியை ஜன்னலோரம் உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. தலைவர் இரண்டாவது கிட்டாரின் ஒலி அளவு பற்றிச் சில அவதானிப்புகளை முன்வைத்தார். ஆசிரியை தடுக்கவில்லை. அவர் பேசி ஓய்ந்த பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் அந்த நீளப் பாட்ட எனக்குப் போட்டுக் காட்டினீங்க."

தலைவருக்கு ஞாபகம் வந்தது. மனைவிக்கு இந்த இசை ஏறாது என்று அவர் தீர்ப்பு எழுதிய நாள் அது.

"நிறுத்தி நிறுத்தி விளக்கிட்டே இருந்தீங்க. பாதியில தூங்கப் போயிட்டோம். அது எப்படித்தான் முடியும்னு எனக்கு ரொம்ப நாள் தோணிட்டே இருக்கும். கேட்டா மறுபடி முதல்லேர்ந்து விளக்குவீங்கன்னு கேக்கல. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"எப்படி இருந்துச்சு, அந்த முடிவு?" என்று கேட்டார் தலைவர். பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். அவர் அந்த முடிவைக் கேட்கவில்லை. சட்டைக் காலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு கழிப்பறை வரிசையில் நின்றிருந்தார்.

ஆசிரியை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"வேண்டாங்க. விளக்கினா கெட்டுப்போயிடும்" என்றார். பிறகு, "அடுத்த தடவ வந்தாங்கன்னா எனக்கு முன்னாடி இடம் எடுங்க. நீங்க உங்க இடத்துலயே நின்னுக்கோங்க" என்றார்.

முன் இருக்கையின் கம்பியில் அவர் விரல்கள் ஏதோ தட்டிக்கொண்டு வந்தன. கணக்கு தப்பு. அப்பட்டமான தப்பு. தலைவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அடுத்த விடுமுறையில் கழகம் கூடியது. கழுத்துப் பட்டையோடு பல் மருத்துவரும் வந்திருந்தார். காசாளர் கொதித்துப் போயிருந்தார். அந்தப் புனித மௌனத்தில் கத்திய காட்டுமிராண்டி யாராக இருந்தாலும் சும்மா விடக் கூடாது என்றார். மாடத்தில் எதிரொலி அதிகம் என்பதால் அடையாளம் தெரியவில்லையாம். "இன்னொரு தடவ அந்தக் குரலக் கேட்டா போதும், கண்டுபிடிச்சிடுவேன்" என்று பயிற்சிப் பள்ளிக்காரர் தலைவரின் முகத்தைப் பார்த்தே உறுதி கூறினார்.

தலைவர் அன்று பேசவில்லை. கழுத்தில் மப்ளர் சுற்றி வந்திருந்தார். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினார். பேச முடியாதவர் எழுதலாமே என்று, கண்டனத் தீர்மானத்தை எழுதும் பொறுப்பை எல்லோரும் சேர்ந்து அவரிடமே கொடுத்தார்கள். கடைவாய்ப்பல்லுக்குக் கீழே உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், தலைவர் ஒரே மூச்சில் எழுதினார்:

'இப்பேர்ப்பட்ட நபர் இசையைக் கேட்க வருவதில்லை. தனக்கு அது தெரியும் என்பதைப் பிறர் கேட்க வேண்டும் என்றே வருகிறார். பக்கத்தில் இருப்பவரையும் கேட்க விடமாட்டார். இவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க நேர்ந்தவர்களுக்குக் கழகம் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.'

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இவ்வளவு துல்லியமாக எழுத எப்படி முடிந்தது என்று உறுப்பினர்கள் வியந்தார்கள். காசாளர் எழுந்து நின்று கை தட்டினார். அதுவும் நான்கு நான்காக. தலைவர் இரண்டு கைகளையும் கூப்பி, இந்தப் பாராட்டுக்கெல்லாம் தான் முழுத் தகுதி உடையவன்தான் என்பதுபோலத் தலையசைத்தார்.