சிக்னல் சார் லிஃப்டில் இருக்கிறார்

உலகத்தில் காரியம் செய்கிறவர்கள் உண்டு, காரியத்தைக் கெடுக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அது காரியத்துக்கு கிரீன் சிக்னல் கொடுக்கும் இனம். அடையாளம் தெரியவில்லையா? புழுக்கம் தாங்காமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறீர்கள். திறந்து முடித்த பிறகு பின்னாலிருந்து, "ம்... திறக்கலாம்" என்று ஒரு குரல் வருகிறதே, அவர்தான்.

பச்சை விளக்கு முதலில் தெருமுனையில் ஒழுங்காகத்தான் இருந்தது. எரிந்தால் வண்டி போகும், அதற்கு மேல் அர்த்தம் கிடையாது. பிறகு எப்படியோ கம்பத்திலிருந்து இறங்கி மனிதர்களின் வாய்க்குள் புகுந்துகொண்டது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் கிரீன் சிக்னல் கொடுக்கிறார்கள், வீடு கட்ட நகராட்சி கொடுக்கிறது, எண்ணெய்ப் பலகாரத்துக்கு டாக்டர் கொடுக்க மறுக்கிறார். இதெல்லாம் நியாயமான உபயோகம். நம்முடைய ஆள் இதோடு விடுகிறவரா?

அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயரை எல்லாரும் மறந்தாயிற்று; கட்டடம் முழுக்க அவர் சிக்னல் சார். குழாய் ஒழுகட்டும், குழல்விளக்கு கண்ணடிக்கட்டும், கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறவரோடு சேர்த்து இறுகிக்கொள்ளட்டும், சார் கிரீன் சிக்னல் கொடுக்காமல் அங்கே ஒரு திருகாணி திரும்பாது. அது கேட்டவுடன் கிடைக்கிற சரக்கா? முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். மாட்டுவார். மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார், அதற்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதுபோல. கடைசியில் வலது கைக் கட்டைவிரல் மெதுவாக, மிக மெதுவாக மேலே எழும். "கிரீன் சிக்னல்!" என்பார். "பாக்கலாம்" என்று சொன்னால் அது மஞ்சள். "இப்ப என்ன அவசரம்?" என்றால் சிவப்பு. ஒன்றுமே சொல்லாவிட்டால் அவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். மதியத்துக்கு மேல் வரவேண்டும்.

ஒருமுறை குறும்புக்கார கிளார்க் ஒருவர் சாரின் குரலிலேயே இன்டர்காமில் பேசி, அலுவலகம் முழுவதற்கும் அரை நாள் விடுமுறைக்கு கிரீன் சிக்னல் கொடுத்துவிட்டார். பத்தே நிமிடத்தில் கட்டடம் காலி. அன்றிலிருந்து சார் ஒரு சட்டம் போட்டார். சிக்னலைக் காதால் கேட்டால் போதாது. சாரின் முகத்தையும் கட்டைவிரலையும் ஒரே சமயத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் வேலையைத் தொட்டவர் கதை கந்தல்தான்.

வீட்டில் மட்டும் வேறு மாதிரியா? அவருடைய ஒரே மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. நம் கதை நடக்கும் நாளன்று மாலை பஸ், மறுநாள் காலையில் வேலையில் சேர வேண்டும். ஒரு வாரமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், இவர் "பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், அவளை அனுப்ப அவருக்கு மனசே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர், யோசிப்பதாகச் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பெண்ணின் எதிர்காலமாயிற்றே? அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய், அவள் தலையில் கை வைத்து, முழுப் பச்சையாகவே கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்து லிஃப்டில் ஏறினார்.

லிஃப்ட் இரண்டாவது மாடியில் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கதவு ஒரு விரல்கடை திறந்து, அதற்கு மேல் மாட்டேன் என்றது. மெக்கானிக் கடப்பாரையோடு ஓடி வந்தார். பின்னாலேயே அந்த கிளார்க்கும் வந்தார்.

"யாரு உள்ள?"

"நான்தான்யா! கதவ நெம்பு!"

மெக்கானிக் கடப்பாரையைக் கீழே வைத்தார். "குரல் சார் குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா நெம்பினா கதவு வளைஞ்சிடும். கிரீன் சிக்னல் வேணுமே."

"குடுத்தேன்யா! கிரீன் சிக்னல்! கிரீன் சிக்னல்!"

"ரெண்டு தடவ சொல்றாரு," என்றார் கிளார்க் சந்தேகத்தோடு. "சார் ஒரு நாளும் ரெண்டு தடவ சொல்ல மாட்டாரே. என்னை மாதிரி வேற யாரோ பேசறாங்க."

சார் இடுக்கு வழியாகக் கட்டைவிரலை வெளியே நீட்டினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"விரல் சாரோடதுதான். அந்த மரு இருக்கு."

"முகம்?"

முகத்தைக் கொண்டுவந்து இடுக்கில் வைத்தார். ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரிந்தன. முகம் வந்தபோது விரலுக்கு இடமில்லை. விரல் வந்தபோது முகத்துக்கு இடமில்லை.

"ரெண்டும் ஒண்ணா வரணும் சார். நீங்க போட்ட சட்டம்," என்றார் மெக்கானிக், மிகுந்த மரியாதையோடு.

உள்ளே சாருக்கு வேர்த்துக் கொட்டியது. தன்னைப் பற்றிய கவலை இல்லை. பெட்டியோடு வாசலில் நிற்கும் மகள்தான் கண்ணுக்குள் வந்தாள். என் சிக்னல் இல்லாமல் குழந்தை எப்படிக் கிளம்புவாள்? பஸ் போய்விடுமே! வேலை போய்விடுமே! என்னால்தானே இத்தனையும்? "அட பாவிகளா, என் பொண்ணு காத்துக்கிட்டிருப்பாய்யா!" என்று அலறினார்.

சட்டம் தெரியாதது அந்த லிஃப்ட் ஒன்றுதான். யாரையும் கேட்காமல் அதுவாகவே கிளம்பிக் கீழே போய்க் கதவைத் திறந்துவிட்டது. சார் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினார். வாசலில் மகளும் இல்லை, பெட்டியும் இல்லை. மனைவி மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாளா? நான் சொல்லாமலேயா?"

மனைவி அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ வருஷமாக, அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் குழம்புக்குச் சிக்னல் கேட்டே குடும்பம் நடத்துகிறவள் அவள். "எங்க போனா? பஸ்ஸுல ஏறி உக்காந்திருக்கா, அவ்வளவுதான். அப்பா சொல்லாம பஸ்ஸ எடுக்க விடமாட்டேன்னு டிரைவர்கிட்ட ஒரே சண்டையாம். இந்தாங்க, சீக்கிரம் சொல்லுங்க," என்று போனை நீட்டினாள்.

போனில் காற்று இரைந்தது. ஹாரன் அலறியது. எதிரே வந்த லாரி ஒன்று 'விர்'ரென்று கடந்து போனது.

"பஸ் நிக்குதாம்மா?"

"நி... நிக்குதுப்பா. நீங்க சொன்னாத்தான்."

சார் கட்டைவிரலைப் போனுக்கு நேராக உயர்த்தினார். "போயிட்டு வாம்மா. கிரீன் சிக்னல்." குரல் உடைந்துவிட்டது. "தேங்க்ஸ்ப்பா. இதத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சார் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைப்பதற்கு நிஜமாகவே காரணம் இருந்தது. "பாத்தியா?" என்றார் மனைவியிடம். "நான் ஒரு வார்த்த சொல்ற வரைக்கும் மொத்த பஸ்ஸையும் நிறுத்தி வெச்சிருக்கா!"

"பின்ன?" என்றாள் மனைவி, அடுத்த துணியை எடுத்துக்கொண்டே.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர், "புது சோபா வாங்கலாமா, நீங்க சொன்னாத்தான்" என்று குழைந்தாரே, நீங்களும் ஆழ்ந்து யோசித்து, பெரிய மனது பண்ணித் தலையாட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீங்கள் எதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.