காலி வீட்டுக்கு நானே காவல்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாம்பைக் கண்டால்கூட நின்று பார்ப்பேன். ஃபைல் வைத்திருக்கும் ஆளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். (ஓட்டர் லிஸ்ட் பார்க்க வந்த டீச்சரம்மாவிடமே "நான் எந்தத் தப்பும் பண்ணலீங்க" என்று சொன்னவன்.)

பயத்துக்குக் காரணமும் உண்டு. நிலக்கரி மைன்ஸில் நான் கான்ட்ராக்ட் ஆள். எனக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடையாது. பெர்மனென்ட் ஆள் ஒருவர் பண்ருட்டியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட, அவர் பெயரிலிருந்த குவார்ட்டர்ஸில் உள்வாடகைக்கு இருந்தோம். ரூல்ஸுக்கு விரோதம். தெரிந்தால் சாமான் தெருவில் கிடக்கும்.

அந்த வருஷம் எங்கள் டவுன்ஷிப்பில் அகில இந்திய விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். மெயின் ரோட்டை மூடியதால் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சந்து சந்தாகச் சுற்றினோம். தெருவில் திரிந்த மாடுகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாட்டுக்கே இந்தக் கதி என்றால் உள்வாடகைக்காரனுக்கு? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை ஃபைலோடு ஒருவர் கேட்டைத் தட்டினார்.

"வூட்ல யாருங்க இருக்கறது?"

"யாரும் இல்லீங்க சார். காலி வூடு."

"அப்ப நீங்க?"

"வாட்ச்மேனுங்க."

அந்த நேரம் பார்த்து என் மனைவி செல்வி துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"இவங்க?"

"பெருக்க வர்றவங்க சார்." (செல்வி பார்த்த பார்வை இப்போதும் முதுகில் சுடுகிறது.)

அவர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. போட்டிக்கு வர்றவங்களுக்கு ரூம் பத்தாம அல்லாடிக்கினு இருக்கோம். நாலு பேர அனுப்பறேன், பாத்துக்கோங்க."

சாயங்காலமே வடக்கேயிருந்து பளு தூக்கும் வீரர்கள் நால்வர் வந்து இறங்கினார்கள். நிலைப்படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது. மகளை அழைத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்திலிருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய செல்வி, "பெருக்க வர்றவ லீவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து நாள் என் வீட்டு வாசலில் நானே கம்போடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே கட்டில் முறியும் சத்தம் கேட்டது. என் கட்டில்தான். வாட்ச்மேன் எந்த உரிமையில் கேட்பான்? ஒருவன் மட்டும் சுவரில் இருந்த கல்யாண போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பாஷை தெரியாததால் பிழைத்தேன்.

அவர்கள் ஊருக்குப் போன அன்று ஃபைல்காரர் மறுபடி வந்தார். கையில் பூட்டு.

"காலி வூடுன்னா பூட்டி சாவியக் குடுத்துடச் சொல்லிட்டாங்க ஆபீஸ்ல."

அப்போதுதான் பஸ் இறங்கி வந்த செல்வி, பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்:

"சார், இது நாங்க குடியிருக்கிற வூடு. உள்வாடகைதான். எழுதிக்கினு போறதுன்னா எழுதிக்குங்க. இவரு வாட்ச்மேன் இல்ல, என் வூட்டுக்காரரு. பயந்தாங்கொள்ளி, அவ்ளோதான்."

ஃபைல்காரர் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் ஸ்கூல் பி.டி. மாஸ்டரும்மா, போட்டி வேலைக்குப் போட்டிருக்காங்க. டீம் பஸ் போற வழி, ரோட்டுப் பக்கம் துணி காயப்போடாதீங்கன்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். சரி, ஆள் இருக்குதுன்னு சொல்லிடறேன்."

அப்போதுதான் கவனித்தேன், அவர் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிளாக் முழுக்கக் கதை பரவிவிட்டது. இன்றும் கேஸ் வண்டிக்காரர் தெருமுனையிலிருந்தே "காலி வூட்டுக்கு ஒரு சிலிண்டர்" என்று குரல் கொடுப்பார்.

"கேட்லயே வெச்சிடுங்கண்ணே," என்பாள் செல்வி. "வாட்ச்மேன் தூக்கிக்கினு வருவாரு."

தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.