இல்லப்பன் பார்த்த தண்ணீர்

எங்கள் தாலுகாவில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் கண்டுபிடித்துத் தராமல் நீரோட்டம் பார்ப்பவர் என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் எல்லப்பன். எந்த நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் "இல்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பார் என்பதால், செஞ்சி ஜனங்கள் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தி இல்லப்பன் ஆக்கிவிட்டார்கள். ரேஷன் கடையிலும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஒரு போர்வெல் ஏஜென்சியில் குமாஸ்தா. திருச்செங்கோட்டிலிருந்து வரும் போர் வண்டிகளை விவசாயிகளுக்கு அமர்த்திக் கொடுப்பது வேலை. அடிக்கு இவ்வளவு என்று கூலி. தண்ணீர் வந்தாலும் அதே கூலி, புழுதி வந்தாலும் அதே கூலி. இப்படிப்பட்ட நாணயமான தொழிலில் இருந்த எங்களுக்கு இல்லப்பன் எவ்வளவு பெரிய எதிரி என்று விளக்க வேண்டியதில்லை.

செஞ்சி மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணும் மரமுமாக இருக்காது. லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு யாரோ மறந்துபோன மாதிரி பாறாங்கற்கள். அந்தப் பாறை ஊருக்கு அடியிலும் ஓடுகிறது. அதில் ஓட்டை போட்டுக் கரும்பு வைத்துவிடலாம் என்று அந்த வருடங்களில் அத்தனை பேருக்கும் ஒரு வெறி. ஏரியைத் தூர் வாரலாம் என்று எவனாவது சொன்னால் அவனை மந்திரித்துவிடக் கூட்டிப்போவார்கள்.

மற்ற நீரோட்டக்காரர்கள் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார்கள். தேங்காய் எழுந்து நின்றால் கீழே தண்ணீர். எங்கள் முதலாளி கைக்குள் வைத்திருந்த ஆளின் தேங்காய் எங்கே போனாலும் எழுந்து நிற்கும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில்கூட நின்றது. இல்லப்பனிடம் தேங்காய் கிடையாது. அதைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார். செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தைச் சுற்றுவார். கரையான் புற்றைக் கிளறுவார். அக்கம்பக்கத்துக் கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்ப்பார். அதற்கெல்லாம் முன்னால் சாப்பாடு. குழம்பு சரியில்லை என்றால் அதையும் வீட்டம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

பிறகு, என்ன பயிர் வைக்கப்போகிறாய் என்று ஒரு விசாரணை. கரும்பு என்றால் ஒரு முறைப்பு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை என்றால், அதற்கு மழை போதாதா என்று இன்னொரு முறைப்பு. எந்தப் பயிரானாலும் தீர்ப்பு ஒன்றுதான்.

மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு பண்ணையார் இவருடைய தீர்ப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு எங்கள் வண்டியை வரவழைத்தார். சாமியானா போட்டு, சொந்தபந்தங்களை உட்கார வைத்து, கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வேலை தொடங்கியது. பகல் முழுக்கப் பாறைப் பொடிதான் பீறிட்டது. விருந்தாளிகள் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர்கள் மாதிரி வீடு திரும்பினார்கள். அழைக்காமலே வந்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒருவர் மேல் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. யார் என்று சொல்ல வேண்டுமா?

முதலாளி அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மாதத்துக்கு நாலு இடத்தில் "இருக்குது" என்று சொன்னால் போதும், பெரியவரை மரியாதையாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நயமாகப் பேசினார். இல்லப்பன் முதலாளி செலவில் இரண்டு டீ குடித்தார். கோட்டை இருக்கும் திசைக்குக் கையை நீட்டினார்.

"ராஜா மல மேலயே கொளம் வெட்டி, பேஞ்ச மழய தேக்கி வெச்சிக்கினு உக்காந்திருந்தான். நீ கீழ உக்காந்துக்கினு பாறைய பொத்தல் போடற. ராஜாவா நீ?"

போகிற போக்கில் பின்கட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து, இதற்கும் நாள் நெருங்கிவிட்டது என்றார். அந்தப் பங்குனியில் கிணறு வற்றி, ஊருக்கெல்லாம் போர் போட்ட எங்கள் ஆபீசுக்கு மாட்டுவண்டிப் பீப்பாயில் தண்ணீர் வந்தது. முதலாளி கண்திருஷ்டி என்று முடிவு செய்து வாசலில் பூசணிக்காய் கட்டினார்.

அதுவரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அனந்தபுரம் போகிற பாதையில்தான் எங்கள் ஊர். அங்கே எங்கள் வயல் கிணறும் அடியில் சேறாகிவிட்டது. சுற்றிலும் இருந்த நிலங்களில் அடுத்தடுத்துப் போர் விழுந்ததுதான் காரணம். அத்தனை வண்டிகளையும் அமர்த்திக் கொடுத்தவன் நான். வீட்டில் இதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், போர் போட ஆசை வந்தது. ஏஜென்சி ஆள் வீடு என்று முதலாளி கூலி இல்லாமல் வண்டி தருவதாகச் சொன்னார். ஆனால் நைனா எங்கள் தேங்காய்க்காரரை வாசற்படி ஏற்றவில்லை. இல்லப்பனைக் கூட்டிவரச் சொன்னார்.

வந்தார். சாப்பிட்டார். குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோதே எனக்குச் சந்தேகம். நிலத்தை மூன்று சுற்று வந்து வடக்கு மூலையில், நுணா மரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"இங்க இருக்குது."

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா குங்குமம் எடுக்க ஓடினார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லித் தாலுகாவில் எவரும் கேட்டதில்லை. ஆனால் இல்லப்பன் அசையாமல் சரிவுக்குக் கீழே இருந்த ஊர்ப் பொதுக்கிணற்றைக் காட்டினார். இந்த ஊற்றுதான் அங்கே போகிறது, இங்கே ஓட்டை போட்டால் அங்கே ஊறாது என்றார்.

அப்படியானால் இத்தனை நாள் இல்லை என்று சொன்ன இடமெல்லாம் எப்படி என்று நான் வக்கீல் மாதிரி மடக்கினேன்.

"தண்ணி இல்லன்னா சொன்னேன்? உனுக்கு இல்லன்னு சொன்னேன். சில எடத்துல பாறை, சில எடத்துல அடுத்தவன் தண்ணி. ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்த போதும்."

நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதக் கை கூசுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. அவர் நின்ற அதே இடத்தில் போட்டோம். தண்ணீர் நுணா மரத்துக்கு மேலே எழும்பியது. நைனா சேற்றில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். நான் பெருமையாக எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்தேன். கரும்பு வைத்தோம்.

இரண்டாவது கோடையில் பொதுக்கிணற்றில் தவளை மட்டும் இருந்தது. ஒருநாள் விடிந்ததும் ஊர்ப் பெண்கள் குடங்களோடு எங்கள் வயல் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். திட்டவில்லை, கேட்கவில்லை, சும்மா நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் இல்லப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். சொன்னேனே கேட்டாயா என்று ஆரம்பிப்பார் என்று நான் வரப்புக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கற? காலையில ஒரு மணி நேரம் ஊருக்கு. கரும்பு இந்த போகத்தோட போதும், கேவுரு போடு."

நைனா பிறர் சொல்லிக் கேட்கிற ஆள் இல்லை. என் கல்யாணத்தில் ஐயர் உட்காரச் சொன்னதற்கே நின்றவர். குடங்களைப் பார்த்தார். போய் மோட்டாரைப் போட்டார். கரும்பு இருந்த இடத்தில் அடுத்த போகம் கேழ்வரகு விளைந்தது. அதற்கப்புறம் மழையும் கொஞ்சம் இரங்க, பொதுக்கிணற்றில் பாதியாவது ஊறியது.

நான் திருந்தி வேலையை விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. அவ்வளவு நல்லவன் இல்லை. போர் போட வருகிறவர்களிடம், எதற்கும் இல்லப்பனிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று மட்டும் காதோரமாகச் சொல்லுவேன். எட்டே மாதத்தில் முதலாளி அதைக் கண்டுபிடித்து விரட்டினார்.

இல்லப்பன் தினமும் காலையில் செஞ்சியிலிருந்து எங்கள் வயலுக்குச் சைக்கிள் மிதித்து வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. தண்ணீர் சிந்துகிறவளைத் திட்டுவார், மோட்டாரைத் தாமதமாகப் போட்டால் நைனாவைத் திட்டுவார், வேலை இல்லாமல் நிற்கிறேன் என்று என்னைத் திட்டுவார். மழை பெய்கிற நாட்களில் மட்டும் வரமாட்டார். அன்றைக்கு நைனா ஒரு வேலையும் ஓடாமல் வாசலுக்கும் வயலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். நானும் நனைந்தபடி செஞ்சி ரோடு வரைக்கும் போய், அவர் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.