புரட்டாசியில் ஒரு சாடின் டின்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்தவன் அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக அரசாங்கத்துக்கு மனுப் போட்டு நஷ்டஈடு கேட்கக் கூடாது. நான் கேட்டேன். ஆறு பக்கம், நல்ல மலாய் மொழியில், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. மலேசியாவில், குளுவாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான்கு வருடத்துக்கு முன், இது நடந்த சமயத்தில், எங்கள் வட்டாரத்துப் பெருமாள் கோயிலுக்குச் செயலாளர். புரட்டாசி மாதம் முழுவதும் யாரும் அசைவம் தொடக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவன் நானே. ஒட்டியதோடு விட்டேனா? பேரன் பிறந்தநாள் என்று கோயிலுக்குக் கேக் கொண்டுவந்த ஒரு பெரியவரை, "முட்டை போட்டதா, போடாததா?" என்று அத்தனை பேர் முன்னால் விசாரித்து, வாசலோடு திருப்பி அனுப்பினேன். (பாவம், அவர் கடைசி வரைக்கும் "தெரியலியே சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.)

அப்படிப்பட்டவனுக்குப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, கோயில் அன்னதானத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, டின்னில் அடைத்து விற்கும் சாடின் மீன் மேல் ஆசை வந்தது.

பசி என்று சொல்ல முடியாது. அரிசிப் பானைக்குப் பின்னால் அந்தச் சிவப்பு டின் இருப்பது எனக்குத் தெரியும். மகன் வந்தால் சமைக்க என்று என் மனைவி சரோஜா வாங்கி வைத்தது. அவளோ கோயிலில் பாத்திரம் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். வர இரண்டு மணி நேரமாவது ஆகும். நான் கதவைச் சாத்தினேன். டின்னைத் திறந்து, பச்சை வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நான்கு துண்டு ரொட்டியோடு சமையலறைத் தொட்டிப் பக்கம் நின்றபடியே சாப்பிட்டேன். (உட்கார்ந்து சாப்பிட்டால்தான் பாவம் என்று ஏதோ ஒரு கணக்கு.) பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் விட்டேன். ஊதுபத்தி ஒன்றுக்கு நான்காக ஏற்றினேன். காலி டின்னைக் குப்பையில் போட்டால் சரோஜா பார்ப்பாள் என்று, வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். கொலை செய்தவன்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான்.

ஒரு மணி நேரத்துக்குள் முகம் மிளகாய்ப் பழம் போல் சிவந்தது. உதடு எரிந்தது. நெஞ்சு படபடத்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் படித்த மனிதர்கள் எழுதுவதில்லை. சரோஜா வந்தபோது நான் குளியலறைத் தரையில் கிடந்தேன்.

"அலமாக்! என்னங்க ஆச்சு? ஏன் வீடெல்லாம் ஒரே ஊதுபத்தி?"

கிளினிக்கில் டாக்டர், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சரோஜா என் தோளைப் பிடித்தபடி நின்றாள். நான் சொன்னேன்:

"கோயில் சாப்பாடுதான் டாக்டர். சைவம். வேற ஒண்ணுமே சாப்பிடல."

இதுவரை எழுதியதைப் படித்து நீங்கள் சிரித்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி. இனி எழுதப்போவது எனக்குச் சிரிப்பு வராத பகுதி.

கோயில் சாப்பாட்டைச் சமைத்தவர் பாக்கியம். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கல்யாணம், காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் அவர் சமையல்தான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோயிலுக்குச் சமைப்பார். அதைச் சாப்பிட்டவர்கள் அப்படியே தீபாவளிப் பலகாரத்துக்கு அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஆர்டர்களை நம்பித்தான் அவர் குடும்பம் வருடக் கடைசியை ஓட்டும்.

நான் கிளினிக்கில் சொன்னது திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இருநூறு பேர் சாப்பிட்ட சாப்பாட்டில் ஒருவன் மட்டும் எப்படிப் படுத்தான் என்று யாரும் கேட்கவில்லை. சொன்னது தலைமையாசிரியர் அல்லவா? புதன்கிழமைக்குள் ஏழெட்டுப் பேருக்கு, அன்றைக்குத் தங்கள் வயிறும் ஏதோ செய்தது ஞாபகம் வந்தது. கோயில் நிர்வாகக் கூட்டத்தில், மிச்சமிருக்கும் சனிக்கிழமைகளுக்கு வேறு ஆளை வைப்பது என்று முடிவானது. கூட்டக் குறிப்பை எழுதியது நான். பாக்கியத்திடம் போய்ச் சொன்னதும் நான்.

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சார், பன்னெண்டு வருசமா என் கையால சாப்பிடுறீங்க. எதுல கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க. தயிரா? தேங்காய்ப் பாலா? திருத்திக்கிறேன்."

"தயிரா இருக்கும்னு நினைக்கிறேன்," என்றேன்.

ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்துத்தான் 'தயிர்' என்று தேர்ந்தெடுத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அவரிடம் முறுக்குச் சொன்னவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏதாவது ஒரு சாக்கு. மகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வருகிறாள், சர்க்கரை வியாதி, இப்படி. அவர் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பத்திரிகையில் செய்தி வந்தது. ஒரு கம்பெனியின் சாடின் டின்களில் ஹிஸ்டமின் என்ற நச்சு அளவுக்கு மேல் இருக்கிறதாம். குறிப்பிட்ட தொகுதி எண் கொண்ட டின்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுகிறார்களாம். சாப்பிட்டால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும் என்று என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி எழுதியிருந்தார்கள்.

நல்ல மனிதனாக இருந்தால் அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேரே பாக்கியம் வீட்டுக்குப் போயிருப்பான். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழை மரத்துக்குப் போனேன்.

"என்னங்க, புதையலா?" சரோஜா சமையலறை ஜன்னலில் நின்றாள்.

"வாழைக்கு உரம் போடப் போறேன்."

"ஓ. உரத்தத் தோண்டி எடுத்தா போடுவாங்க?"

டின்னைப் பழைய பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அடியில் எண் தெளிவாக இருந்தது. அதே எண். எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு கம்பெனி அலட்சியமாக இருந்து, அப்பாவி மனிதன் ஒருவனைச் சாகக் கிடத்திவிட்டதே! (அப்பாவி என்ற சொல்லை நான் மனுவில் இரண்டு இடத்தில் பயன்படுத்தினேன்.) கடையில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களின் வழக்கை விசாரிக்கும் பயனீட்டாளர் மன்றத்துக்குப் போனால் வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மனுப் பாரத்தோடு கொடுத்த வழிகாட்டிக் கையேட்டைப் படிக்கவில்லை. அதெல்லாம் படிக்காதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கிளினிக் கடிதத்தையும் பிரித்துப் பார்க்காமலே இணைத்து அனுப்பினேன்.

வரும் பணத்தில் பாதியைப் பெயர் சொல்லாமல் பாக்கியத்துக்கு அனுப்பிவிடலாம் என்றும் திட்டம் இருந்தது. உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் அவருக்குக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

விசாரணைக் கடிதம் தபாலில் வந்தபோது நான் வீட்டில் இல்லை. சரோஜாதான் வாங்கி வைத்தாள். உறை ஒட்டியபடியேதான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியிருந்தது.

"ஜொகூர் பாருல ஒரு பென்ஷன் வேலை இருக்கு," என்றேன்.

"நானும் வர்றேன். ஸ்கூல் லீவு சேல் போட்டிருக்கான்."

விசாரணை நாள் காலையில் காரை எடுக்கப் போனால், பின் சீட்டில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா கூப்டாங்க சார். எனக்கும் இன்னைக்கு லீவு."

ஒன்றரை மணி நேரப் பயணம். இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து சாம்பார்த் தூள் அரைப்பது பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். கடைத்தெருவில் நிறுத்தி, "இறங்குங்க, வேலை முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிறேன்," என்றேன்.

"வெயில் கொளுத்துதுங்க. ஆபீஸ்ல ஏர்கோன் இருக்கும்ல, நாங்களும் வர்றோம்லா," என்றாள் சரோஜா. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மன்றத்தின் தலைவர் ஒரு மலாய்ப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பவர். கம்பெனி சார்பில் வந்தவர் நம் ஆள், முப்பது வயது இருக்கலாம். மேசை மேல் என் டின், பிளாஸ்டிக் பையில். எனக்குப் பின்னால் நாற்காலிகளில் சரோஜாவும் பாக்கியமும். நான் எழுந்து நின்று, பள்ளி ஆண்டுவிழாவில் பேசுவது போல மலாயில் ஐந்து நிமிடம் பேசினேன். கம்பெனிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் அனுப்பிய கிளினிக் கடிதத்தையே எடுத்து நீட்டினார்.

"புவான், இவர் டாக்டரிடம் கோயில் சைவச் சாப்பாடு தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார். இன்று சாடின் சாப்பிட்டதாகச் சொல்கிறார். எது உண்மை?"

தலைவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்கள் சைவமா?" என்றார் மலாயில்.

அத்தனை வருடப் படிப்பில் ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சாயா வெஜிடேரியான், புவான்... கெச்சுவாலி சாடின்."

'நான் சைவம், அம்மா... சாடினைத் தவிர.' எழுத்தர் பெண் குனிந்து பேனாவைத் தேடினாள். பேனா அவள் கையிலேயே இருந்தது. கம்பெனிக்காரர் இருமினார்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியானால் கோயில் சாப்பாடு?"

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பாக்கியத்துக்கு மலாய் நன்றாகவே தெரியும். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை," என்றேன். "டாக்டரிடம் நான் சொன்னது பொய். தயிர் கெட்டிருந்தது என்று பிறகு சொன்னதும் பொய்."

தயிர் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. அது தானாக வந்தது.

தலைவர் பேனாவை மூடினார். உடல் பாதிப்புக்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்கவே முடியாது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும் என்றார். இங்கே கேட்கக் கூடியது அந்த டின்னின் விலை ஒன்றுதான். "கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே, நீங்கள் ஆசிரியர்தானே?"

டின்னின் விலையைக் கொடுக்கக் கம்பெனிக்காரர் உடனே சம்மதித்தார். நல்லெண்ண அடையாளமாக ஒரு பெட்டி நிறைய, புதுத் தொகுதிச் சாடின் டின்களையும் என் கையில் கொடுத்தார். அதைச் சுமந்துகொண்டு நடைபாதைக்கு வந்தேன். பெட்டியைக் கீழே வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

பாக்கியம்தான் முதலில் பேசினார். அழவில்லை, திட்டவில்லை.

"சார், நீங்க உள்ள சொன்னத எழுதிக்கிட்டாங்களே. அதுல எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"

உள்ளே போய்க் கேட்டேன். தீர்ப்புத் தாளில் டின் விலை மட்டும்தான் இருக்கும், மற்ற பேச்சு வராது என்றாள் எழுத்தர் பெண்.

"அப்ப நீங்களே எழுதிக் கொடுங்க," என்றார் பாக்கியம். "நல்லா எழுதுவீங்கள்ல. தமிழ்ல எழுதுங்க."

நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, சாடின் பெட்டியை மேசையாக வைத்து எழுதினேன். பாக்கியம் சமைத்த உணவால் எனக்கு நோய் வரவில்லை என்றும், விரத மாதத்தில் சாடின் சாப்பிட்டதை மறைக்க அவர்மீது 'தவறுதலாக'ப் பழி சொல்லிவிட்டேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது தப்பு, சார்."

"எது?"

"தவறுதலான்னு போட்டிருக்கீங்க. தவறுதலா இல்ல. தெரிஞ்சே."

நான் எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியிருப்பேன்! அன்று என் எழுத்தில் ஒரு சொல்லை அடித்து, மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மறுவாரம் அந்தக் கடிதம் கோயில் அறிவிப்புப் பலகையில் ஏறியது. அதற்கு முன்பே செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஏதாவது ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தால், பேரப்பிள்ளைகள் ஒரே குரலில் "கெச்சுவாலி சாடின்!" என்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்துத்தானே ஆக வேண்டும்?

அடுத்த புரட்டாசிக்குச் சமைக்க வரச் சொல்லி நிர்வாகத்தார் பாக்கியத்தைக் கூப்பிட்டார்கள். வருகிறேன், ஆனால் முதல் இலை சாருக்குத்தான் என்றாராம். அன்றிலிருந்து புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் மண்டபத்தில் முதலில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இருநூறு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். நான் எழுந்து கை கழுவி, விழாமல் நடந்து வந்ததும், "சார் நல்லாத்தான் இருக்காரு, எல்லாரும் உட்காருங்க!" என்று யாராவது சத்தம் போடுகிறார்கள். ஒரே சிரிப்பு.

பாக்கியமே எனக்குப் பரிமாறுகிறார். சோறு, சாம்பார், கடைசியில் தயிர், எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் மற்ற எல்லா இலையிலும் குனிந்து "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்பவர், என் இலைக்கு முன்னால் மட்டும் வாயே திறப்பதில்லை. இத்தனை வருடமாக நானும் கேட்டு வாங்கியதில்லை.