கோட்டை திறக்கும் நேரம்

"காலை ஒன்பதிலிருந்து கோட்டை வாசலில் நின்றேன். கதவு பத்துக்குத்தான் திறந்தது. உங்கள் இணையப் பக்கத்தை நம்பி வந்த என்னைச் சொல்ல வேண்டும்."

திரையில் இருந்த புகாரை நூலகர் மூன்று முறை படித்தார். எழுத்துப் பிழை இருந்தால் அதையாவது திருத்தலாம் என்று தேடினார். அதற்கும் வழியில்லை.

ஊரில் அவருக்குத் 'திருத்தம் சார்' என்றுதான் பெயர். அந்தப் பழைய ஊரின் இணையப் பக்கத்தைப் பதினோரு வருஷமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மதிலின் உயரம், கோபுரத்தின் படிகள், சந்தை கூடும் நாள், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுவரை அவர் எழுதியதுதான். முதல் வரியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: 'இருநூறு ஆண்டுகளாக ஒரு நிமிடம்கூடத் தப்பாத கோபுரக் கடிகாரம் உங்களை வரவேற்கிறது!'

இப்போது சுற்றுலாத் துறையின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பாராம். ஒரே ஒரு தப்பு இருந்தாலும் பக்கத்தைத் தலைமை அலுவலகமே எடுத்துக்கொள்ளுமாம். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்னதுபோல் இருந்தது அவருக்கு.

"அந்தக் கோட்டைக் காவலாளியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்களேன். போன மாசம்தானே மாத்தலாகி வந்தாரு?" என்றாள் மனைவி.

"கேக்கறது என் வேலை இல்ல. யார்கிட்டயும் வாயைக் குடுக்காம, கண்ணால பாத்ததை அப்படியே எழுதறேன் பாரு, அதனாலதான் பதினோரு வருஷமா பேரு கெடாம இருக்கு."

திங்கட்கிழமை கோட்டைக்கு எதிரே இருந்த பெஞ்சில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தார். சரியாகப் பத்து மணிக்குக் கதவு திறந்தது. நூலகத்துக்கு ஓடினார். பக்கத்தில் 'ஒன்பது' என்றிருந்ததைப் 'பத்து' ஆக்கினார். வழக்கம்போல முதல் வரியையும் திறக்கும் நேரத்தையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கோட்டைக் கதவிலும் கொண்டுபோய் ஒட்டினார். அத்தோடு தலைவலி விட்டது என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை கதவு பதினொன்றுக்குத் திறந்தது.

"பத்துன்னு பாத்ததும் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்னு நெனச்சுட்டான், சோம்பேறி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே பக்கத்திலும் கதவிலும் 'பதினொன்று' என்று மாற்றினார்.

புதன்கிழமை பன்னிரண்டுக்குத் திறந்தது. வெயிலில் நின்ற ஒரு பஸ் கூட்டம், பக்கத்தை எழுதிய மகராசனை வாய்க்கு வந்தபடி திட்டியது. திருத்தம் சாரும் கூட்டத்தோடு நின்று, "ஆமாமா, பொறுப்பே இல்ல" என்று தலையாட்டினார்.

கூட்டம் உள்ளே போனதும் பதினோரு வருஷ விரதத்தை முறித்துக்கொண்டு காவலாளியிடம் போனார். "தினமும் எத்தனை மணிக்குங்க கதவைத் திறக்கிறீங்க?"

காவலாளி விறைப்பாக நிமிர்ந்தார். சட்டையில் ஒரு பொத்தான்கூட விடுபடவில்லை. "கதவுல ஒட்டியிருக்கிற நேரத்துக்கு டாண்ணு திறந்துடுவேன் சார். ஜனங்கதான் பொறுமை இல்லாம ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து தட்டறாங்க. பாவம், கோட்டை மேல அவ்வளவு ஆசை!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் மனுஷனிடம் என்ன பேசுவது? திருத்தம் சார் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "நீங்க ஒட்டற நேரத்துக்கு எப்பவுமே ஒரு மணி நேரம் லேட்டு. அவ்வளவுதானே? ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுட்டாப் போச்சு."

"என் பக்கத்துல பொய்யா? என்னால முடியாது."

"பக்கத்துல யாரு போடச் சொன்னா? அதுல ஒன்பதுன்னு உண்மையைப் போடுங்க. கதவுல எட்டுன்னு ஒட்டுங்க. ஆளு தன்னால ஒன்பதுக்கு வந்துடுவாரு."

இப்படி ஒரு மூளையை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தோமே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று மாலையே ஒட்டினார். வியாழக்கிழமை ஒன்பதுக்குக் கதவு திறந்தது. ஒரு புகாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, பேசுவதை அளந்து பேசும் அம்மாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். சொல்லிவைத்தாற்போல ஒன்பதுக்குக் கதவு திறந்தது. அதிகாரி தன் தாளில் ஒரு டிக் போட்டார். திருத்தம் சாருக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போதுதான் அதிகாரியின் கண் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின்மேல் விழுந்தது.

"பக்கத்துல ஒன்பது. இங்க எட்டு. ரெண்டுல எது தப்பு?"

திருத்தம் சார் அவசரமாகக் காகிதத்தை மறைத்து நின்றுகொண்டார். காகிதத்தைக் கிழிக்க மறந்த புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. பதினோரு வருஷ உழைப்பு கண்முன்னால் கைமாறிக்கொண்டிருந்தது.

"மேடம், பக்கத்துல தப்பே வராது. இவருதான் எட்டுன்னு போட்டாத்தான் ஒன்பதுக்கு வருவாரு. நேரம்னா என்னன்னே தெரியாத மனுஷன்!"

அதிகாரி காவலாளியின் பக்கம் திரும்பினார். "ஏங்க, எட்டுன்னு போட்டிருக்கும்போது ஒன்பதுக்குத் திறக்கிறீங்களே, ஏன்?"

"ஒன்பதா? மணி இப்ப எட்டுதானே மேடம்!" காவலாளி கைக்கடிகாரத்தை நீட்டினார். பிறகு அதே கையால் மேலே காட்டினார்.

கைப்பேசி வந்த பிறகு அந்த ஊரில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர் யாருமில்லை, திருத்தம் சார் உட்பட. மூன்று பேரும் இப்போது பார்த்தார்கள். கோபுரக் கடிகாரம் எட்டு மணி காட்டியபடி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வேலைக்கு வந்த அன்னிக்கு என் கடிகாரமும் ஒரு மணி நேரம் அதிகமாத்தான் மேடம் காட்டுச்சு," என்றார் காவலாளி பணிவாக. "நல்லவேளை, சார் ஒட்டியிருந்த காகிதத்துல முதல் வரியைப் படிச்சேன், உடனே திருத்தி வச்சுட்டேன்."