பறக்கிறவனை மன்னிப்புக் கேட்கவைத்த அக்கா

உலகத்தில் ஆட்சேபிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டென்று யாராவது சொன்னால், அவர் கல்லடியில் எங்கள் அலுவலகத்தில் ஒருநாளும் வேலை செய்ததில்லை என்று அர்த்தம். அங்கே ஒரு அக்கா இருந்தார். காலையில் வந்ததும் மின்விசிறியின் வேகத்தை ஆட்சேபிப்பார். தேநீர் வந்ததும் சீனியை ஆட்சேபிப்பார். வாவிக் காற்று உள்ளே புகுந்து காகிதங்களைக் கிளப்பினால், காற்றை ஒன்றும் சொல்லமாட்டார்; யன்னலை அந்தப் பக்கம் வைத்த மேசனைத் தேடிப்பிடித்து ஆட்சேபிப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. எங்களுக்கு அவர் ஆட்சேபனை அக்கா.

அது வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகம். அக்கா மொழிபெயர்ப்பாளர், நான் களஞ்சியப் பொறுப்பாளன். சுனாமியாகக் கடல் வந்து போன அடுத்த வருடம் அது. அந்த வருடம் எங்கள் களஞ்சியத்துக்கு என்னென்ன பெட்டிகள் வந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தறப்பாள் கூடாரத்துக்குள் வெந்துகொண்டிருந்த சனத்துக்குக் கம்பளிக் கையுறை வந்தது. பனியில் நடக்கிற சப்பாத்து வந்தது. ஒரு நாள் பெட்டி நிறைய ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகங்கள் வந்தன.

எல்லாவற்றிலும் ஒரே கதாநாயகன். முதுகில் துணி பறக்க வானத்தில் போவான். ரயிலைத் தூக்குவான், மலையைத் தள்ளுவான். மனேஜர் சேருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “முகாம் பிள்ளையளுக்கு நல்ல பொழுதுபோக்கு. தமிழ் வசனத்தை எழுதி மேல ஒட்டினாக் காணும்” என்று பெட்டியை அக்காவின் மேசைக்கு அனுப்பினார். பாவம், அந்த மனுசனுக்கு என்ன தெரியும்?

முதல் புத்தகத்தை முடிக்குமுன்னே களஞ்சியத்துக்குள் புயல் மாதிரி வந்தார் அக்கா.

“தம்பி, இஞ்ச பார். இந்தப் புள்ளைக்கு என்ன வேலை?”

பார்த்தேன். கதாநாயகி உயரமான கட்டடத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“தொங்குறா அக்கா.”

“மற்றதில?”

“கட்டிப் போட்டிருக்கு.”

“இதில?”

“கத்துறா.”

“படிச்ச புள்ளையாம், பத்திரிகையில வேலையாம். ஒரு புத்தகத்திலயாவது ஒரு வரி எழுதினாளா? கத்துறதுக்கா இவளுக்குச் சம்பளம்?”

மறுநாள் வேறு ஆட்சேபனை. பறக்கிறவன் அவளைக் காதலிக்கிறான். ஆனால் தான் யாரென்பதை மட்டும் சொல்லமாட்டான். கேட்டால், அவளுடைய பாதுகாப்புக்காகத்தானாம். “கலியாணத்துக்கு முதலே பொய். மறுகா அதுக்குப் பாதுகாப்பெண்டு பேர். அவளுக்கு எது பாதுகாப்பெண்டு அவளிட்டக் கேட்டானா?” அதற்கடுத்த நாள், பூதத்தோடு சண்டை பிடிக்கிற சாக்கில் அவன் பாதி நகரத்தை உடைத்துவிட்டுப் பறந்துவிட்டான். அக்கா புத்தகத்தை மேசையில் அடித்தார். “இந்தக் கல்லையும் மண்ணையும் ஆர் அள்ளுற? இவன்ட அம்மாவா? இஞ்ச கடல் உடைச்சதை எங்கட பொம்பிளையள் இன்னும் கூடையில அள்ளி முடியல்ல!”

எனக்கும் கோபம் தொற்றிக்கொண்டது. அதுவரை அந்தப் புத்தகங்களை வாய்பிளந்து பார்த்தவன் நான். பிறகு பார்க்கையில், பசித்த ஒருத்தருக்கு அவன் ஒரு பிடி சோறு கொடுத்த படம் எதிலும் இல்லை. அரிசி விலையோடு சண்டை பிடித்ததில்லை. அடையாள அட்டை இல்லாத ஒருத்தனைச் சோதனைச் சாவடியில் மீட்டதுமில்லை.

அந்த வேலையையும் அக்காதான் செய்தார். வெளியூரிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர் எங்களோடு இருந்தார். கறுப்புக் கண்ணாடி, தோல் சப்பாத்து, நெஞ்சை நிமிர்த்திய நடை. வேலை பார்க்கக் கிரான் பக்கம் போகும்போது, “நான் பக்கத்தில இருக்கிறன், ஒண்டுக்கும் பயப்படாதீங்க” என்று அக்காவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போனாராம். சாவடியில் ஆமிக்காரர் வாகனத்தை மறித்து இறக்கினார்கள். இஞ்சினியரின் அடையாள அட்டை வேறு காற்சட்டைப் பையில் கிடந்தது. துவக்கைக் கண்டதும் அவருக்குத் தெரிந்த மொழி எல்லாம் மறந்துபோயிற்று. அக்கா முன்னால் போய்ச் சிங்களத்தில், “இவர் எங்கட ஆள்தான், நல்லவர், பயந்த சுபாவம். நான் பொறுப்பு” என்று சொல்லி மீட்டுக்கொண்டு வந்தார். போனவர் நிமிர்ந்து போனார். வந்தவர் வாகனத்தின் பின் ஆசனத்தில் குனிந்தபடி வந்தார்.

அதோடு முடிந்ததா? இல்லை. சில நாளில் மனேஜர் மூலமாகக் கலியாணம் பேசி அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை: கட்டிய பிறகு அக்கா வேலைக்குப் போகக்கூடாது. காலம் கெட்டுக் கிடக்கிறதாம், அக்காவின் பாதுகாப்புக்காகத்தானாம்.

“ஆர்ட பாதுகாப்புக்கு?” என்று அக்கா கேட்டது வாசலில் நின்ற காவலாளிக்கும் கேட்டது. இஞ்சினியர் மாற்றம் கேட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதது முகாமில் நடந்தது.

தமிழ் ஒட்டிய முதல் புத்தகத்தை அக்கா ஒரு பின்னேரம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு வரியும் மாற்றாமல், உள்ளது உள்ளபடி. பறக்கிறவன் பொங்கி வந்த ஆற்றைக் கைகளால் தடுத்து நிறுத்தியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். தர்சினி என்றொரு சின்னப் பிள்ளை மட்டும் தட்டவில்லை. தாயையும் தம்பியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியம்மாவோடு இருந்தவள் அவள்.

“அப்ப இவன் ஏன் அண்டைக்கு வரல்ல?” என்று கேட்டாள்.

கைதட்டு நின்றுவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் அக்காவைப் பார்த்தார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிற அக்கா புத்தகத்தை மூடினார். “தெரியா புள்ள. கேட்டுக்கொண்டு வாறன்” என்றார். திரும்பி வரும்போது வாகனத்திலேயே அடுத்த புத்தகத்தை மடியில் விரித்துவிட்டார்.

அக்கா தமிழ் ஒட்டிய அடுத்த புத்தகம் வேறு மாதிரி இருந்தது. பறக்கிறவன் இன்னொரு வெள்ளத்தைத் தடுத்து முடித்ததும் சனங்களைப் பார்த்து, “மன்னிச்சுக்கொள்ளுங்க. அண்டைக்கு நான் வந்திருக்கோணும். வரல்ல. பிழை என்னிலதான்” என்றான். அதற்குப் பிறகு வந்த எல்லாப் புத்தகத்திலும் அவன் மன்னிப்புக் கேட்டான். உடைத்த கட்டடத்துக்குக் கேட்டான், காதலியிடம் சொன்ன பொய்க்குக் கேட்டான். கத்துகிறவள் கத்துவதை விட்டுவிட்டாள். திறந்த வாய்க்குப் பக்கத்தில், “எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க! கிழவிமாரைத் தூக்குங்க!” என்று கட்டளை எழுதியிருந்தது. அவளுடைய பறக்கும் நீளக் கூந்தலை அக்கா வெள்ளை மையால் வெட்டி, கழுத்தோடு நிறுத்தியிருந்தார். முகாமில் புத்தகத்துக்கு அடிபிடி. தர்சினி மன்னிப்புக் கேட்கிற பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பாளாம்.

விவகாரம் வெடித்தது வீட்டுச் சாவி கொடுக்கிற நாளில். தன்னாமுனைப் பக்கம் புது வீடுகள் கட்டி முடிந்திருந்தன. எங்கள் ஊரில் வீடு என்றால் அது பெண்ணுடையது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். புது வீடுகளையோ குடும்பத் தலைவரின் பேரில் பதிந்திருந்தார்கள். தலைவர் என்றால் ஆம்பிளைதானே! பூமணி என்ற பெண்ணின் புருசன் இன்னொருத்தியோடு போய் எத்தனையோ வருடம். கடல் வந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. வீடு வருகிறதென்றதும் சவரம் செய்து, வேட்டி கட்டி, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

புருசனின் பெயரைக் கூப்பிட்டபோது பூமணி எழும்பினார். அக்கா ஒட்டிய கடைசிப் புத்தகத்தில் கத்துகிறவள் சொன்ன வசனத்தை, பூமணியின் பிள்ளைகள் முகாமெல்லாம் சொல்லித் திரிந்த வசனத்தை, அப்படியே சொன்னார்:

“கடல் கொண்டுபோனது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. உன்ட பேரில தாறதுக்கு நீ ஆர்?”

பின்னாலிருந்த பெண்கள் ஓவென்று எழும்பினார்கள். மேடையிலிருந்த வெள்ளைக்காரப் பணிப்பாளர், அந்தப் பெண் என்ன சொல்கிறாரென்று கேட்டார். மனேஜர் வியர்த்துப்போய், “நன்றி சொல்லுறா சேர்” என்று இழுத்தார். அக்கா ஒலிவாங்கியை வாங்கி, பூமணி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். புத்தகங்களில் கைவைத்த பிறகு அவர் மாற்றமே செய்யாமல் மொழிபெயர்த்தது அந்த ஒரு நாள்தான்.

அன்று சாவி கொடுக்கவில்லை. பல கூட்டங்களுக்குப் பிறகு சில வீடுகள் பெண்கள் பேரில் எழுதப்பட்டன, சில இருவர் பேரில். சில மாறவேயில்லை. பூமணியின் வீடு பூமணி பேரில்.

வசனம் எங்கிருந்து வந்ததென்று மனேஜர் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் எல்லோர் முன்னாலும் புத்தகங்களை அக்காவின் மேசையில் கொட்டினார்.

“ஹீரோ எங்கயாவது மன்னிப்புக் கேப்பானா? இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தாறம்?”

“கேக்காதது அவன்ட பிழை சேர்.”

“சரி, வசனத்தை விடுவம். அந்தப் புள்ளைட தலைமயிரை ஏன் வெட்டின நீங்க? அது என்ன பாவம் செய்தது?”

அக்கா மேசையிலிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து நேராக வைத்தார்.

“என்ட தங்கச்சிக்கு இடுப்பு வரைக்கும் தலைமயிர் சேர். கம்பி வேலியில சிக்கினது. நான் கையப் பிடிச்சுத்தான் இருந்தன். மயிரை எடுக்க ஏலாமப் போச்சு.”

தங்கை கடலில் போனது எங்களுக்குத் தெரியும். எப்படிப் போனார் என்பதை அன்றுதான் கேட்டோம். மனேஜர் குனிந்து, கொட்டிய புத்தகங்களைத் தானே ஒவ்வொன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்து, “எழுத்துப் பிழை கொஞ்சம் இருக்கு, அதைத் திருத்துங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் இருவருக்கும் சண்டை அதோடு ஓயவில்லை. அக்கா ஆட்சேபிப்பார், மனேஜர் கத்துவார், நாங்கள் வேடிக்கை பார்ப்போம். அப்படியே வருடங்கள் போயின. வாகரைச் சனம் சண்டைக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு ஓடிவந்தபோதும் அப்படித்தான், அவர்கள் திரும்பிப் போனபோதும் அப்படித்தான்.

பிறகு யுத்தம் முடிந்தது என்றார்கள். வன்னியிலிருந்து வந்த சனம் வவுனியாவில் முட்கம்பி முகாம்களுக்குள் இருந்தது. அங்கே பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் தேவை என்று அறிவித்தல் வந்தது. நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். அக்கா கையை உயர்த்தினார்.

“வேணாம் அக்கா. அங்க நிலைமை சரியில்ல. உங்கட பாதுகாப்புக்குத்தான் சொல்லுறன்” என்றார் மனேஜர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவருக்கு விளங்கியது. அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அபூர்வம். அந்த வார இறுதியில் அவர் பஸ் ஏறினார்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டம் தேநீர் ஆறுமுன்னே முடிந்துவிட்டது. மனேஜர் சொன்ன எல்லாவற்றுக்கும் எல்லோரும் தலையாட்டினோம். அவர் கூட்டக் குறிப்புக் கோவையை மூடினார், எழும்பவில்லை. அக்காவின் வெற்றுக் கதிரையைப் பார்த்தார்.

“ஆராவது ஏதாவது சொல்லுங்களன்” என்றார்.